ஆளில்லாத சிறைக்கு 116 விமானங்கள்: சோன் டே மீட்புத் தாக்குதல், 1970

1970 நவம்பர் 21 அதிகாலையில் வட வியட்நாமின் சோன் டே சிறை முகாமில் இறங்கிய 56 அமெரிக்க வீரர்களும் உயிரோடு திரும்பினார்கள். திட்டம் கொடுத்த நேரம் 30 நிமிடம். தரையில் இருந்தது ஏறத்தாழ 27 நிமிடம். எதிரியின் மிக் போர் விமானம் ஒன்றுகூட மேலெழவில்லை. மீட்கப்போன அமெரிக்கப் போர்க்கைதிகள் மட்டும் அங்கே இல்லை. நான்கு மாதத்துக்கு முன்பே, ஜூலை 14-ஆம் தேதி, அவர்களை வேறு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

‘அருமையான தாக்குதல், மோசமான உளவு’ என்று இந்த நிகழ்வை இரண்டாக வெட்டிப் பேசுவது ராணுவ வட்டாரங்களில் வழக்கம். தாக்கியவர்களுக்கு அது வசதியான தீர்ப்பு. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பாடம் கைநழுவிவிடும். ஒத்திகைக்குள் அடங்கிய ஒவ்வொரு கேள்விக்கும் இவர்களிடம் மாற்றுத் திட்டம் இருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று வராவிட்டால்? இயந்திரம் கிளம்பாவிட்டால்? இறங்கும் இடம் தவறிவிட்டால்? எல்லாவற்றுக்கும் பதில் தயார். ‘கைதிகள் உள்ளே இருக்கிறார்களா’ என்ற கேள்வியைப் பயிற்சி நடந்த ஃபுளோரிடாவில் ஒத்திகை பார்க்க முடியாது. அது ஒன்றுதான் பதிலில்லாமல் கடைசி இரவு வரை வந்தது.

முகாமும் முதல் தடயமும்

ஹனோய்க்கு மேற்கே சுமார் 37 கிலோமீட்டரில் இருக்கிறது சோன் டே. முகாமின் சுற்றுமதிலுக்குள் 140 அடிக்கு 185 அடி இடம், அவ்வளவுதான். மதில் ஏழடி உயரம். மூன்று காவல் கோபுரங்கள், கைதிகளை அடைத்துவைத்த நான்கு கட்டடங்கள், மரங்கள் நிற்கும் முற்றம். பக்கத்தில் சோங் கோன் ஆறு. ஃபுக் யென் மிக் தளம் சில நிமிடப் பறப்புத் தூரத்தில். சுற்றுவட்டாரத்தில் காலாட்படை, பீரங்கிப் பள்ளி, வான்காப்பு நிலையங்கள். முகாமுக்குத் தெற்கே ஏறத்தாழ 400 மீட்டரில் மதில் சூழ்ந்த இன்னொரு வளாகம் இருந்தது. திட்டக் குழுவின் வரைபடத்தில் அதற்கு ‘மேல்நிலைப் பள்ளி’ என்று பெயர்.

அங்கே அமெரிக்கக் கைதிகள் இருப்பது உறுதியானது 1970 மே மாதத்தில். வான்வழிப் படங்களை அலசிய ஆய்வாளர்கள், துவைத்த துணிகள் காயப்போட்டிருந்த விதத்தில் எழுத்துகளைக் கண்டுபிடித்தார்கள். தேடி மீட்கும்படி கேட்கும் சங்கேதம் அது. ராணுவத் தலைமையகத்தில் மறைமுகப் போர்ப் பிரிவைக் கவனித்துவந்த பிரிகேடியர் ஜெனரல் டொனால்ட் பிளாக்பர்ன் இதைக் கையிலெடுத்தார். ஜூன் மாதம் ஒரு சிறு திட்டக் குழு உட்கார்ந்தது. திட்டக் கணக்கில் மீட்க வேண்டியவர்கள் 61 பேர். ஆகஸ்ட் 8 அன்று கூட்டுப்படை அமைந்தது. தளபதி வான்படையின் பிரிகேடியர் ஜெனரல் லெராய் மேனர், துணைத் தளபதி தரைப்படைக் கர்னல் ஆர்தர் சைமன்ஸ். தயாரிப்புக்கு ‘ஐவரி கோஸ்ட்’, தாக்குதலுக்கு ‘கிங்பின்’ என்று சங்கேதப் பெயர்கள்.

இந்தத் தேதிகளைக் கைதிகள் இடம் மாறிய ஜூலை 14-க்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டுப்படைக்குத் தளபதி நியமிக்கப்பட்டபோதே முகாம் காலி. அக்டோபரில் போயிருந்தால் மீட்டிருக்கலாம், வெள்ளை மாளிகை தள்ளிப்போட்டதால்தான் கெட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை.

படையும் பொருளும்

ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் சிறப்புப் படையினரிடம் ஆபத்தான ஒரு வேலைக்கு ஆள் தேவை என்று மட்டும் சொல்லித் தன்னார்வலர்களை அழைத்தார் சைமன்ஸ். வந்தவர்களிலிருந்து நூறு பேருக்குச் சற்று மேல் எடுத்துப் பயிற்சி கொடுத்து, கடைசியில் 56 பேரை அனுப்பினார்கள். மூன்று அணிகள். ‘ப்ளூபாய்’ 14 பேர்: கேப்டன் ரிச்சர்ட் மெடோஸ் தலைமையில் முகாமின் முற்றத்துக்குள்ளேயே இறங்கிச் சிறையறைகளைத் திறக்கும் அணி. ‘கிரீன்லீஃப்’ 22 பேர்: வெளியே இறங்கி, தெற்கு மதிலில் ஓட்டை போட்டு, காவலர் குடியிருப்பை அழிக்கும் அணி, சைமன்ஸ் இதனோடு வந்தார். ‘ரெட்வைன்’ 20 பேர்: லெஃப்டினன்ட் கர்னல் எலியட் சிட்னரின் பொறுப்பில் சாலையை அடைத்துச் சுற்றுப்புறத்தைக் காக்கும் அணி. தரையில் ஒட்டுமொத்தக் கட்டளையும் சிட்னரிடம்தான்.

ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவு மாதிரி முகாம் கட்டினார்கள். சோவியத் செயற்கைக்கோளின் கண்ணில் படாதிருக்க, பகலில் பிரித்துச் சுருட்டிவைக்கத்தக்க அமைப்பு. சிஐஏ தன் பங்குக்கு மேசை அளவு மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தது. ‘பார்பரா’ என்று பெயரிட்ட அதன் செலவு சுமார் 60,000 டாலர். இரவின் எந்த வெளிச்சத்தில் எந்தச் சுவர் எப்படித் தெரியும் என்பதை அதில் பார்த்துப் பழகலாம். செப்டம்பர், அக்டோபரில் ஒத்திகை சுமார் 170 முறை நடந்தது. வெறுந்தோட்டா, உண்மைத் தோட்டா, பகல், இரவு என எல்லா வகையிலும்.

பயிற்சியில் முதலில் உதைத்தது இரவுச் சுடுதல். நல்ல சுடுநர்களே இருட்டில் இலக்குக்கு மேலே சுட்டார்கள். படைக் கிடங்கில் தீர்வு கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் விற்கும், ஐம்பது டாலருக்கும் குறைவான குறிநோக்கி ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். அதன் முன்பக்கம் அடைத்திருக்கும். உள்ளே பார்த்தால் ஒளிப்புள்ளி மட்டும் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்க வேண்டும். ஒரு கண் புள்ளியை, மறு கண் இலக்கைப் பார்க்க, மூளை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிவிடும். பல கோடி டாலர் விமானங்கள் பறந்த பணியில் தரையில் நேரடியாகப் பலன் தந்த கருவிகளில் இதுவும் ஒன்று.

மற்ற பொருள்கள்: குட்டைக்குழல் கார்-15 துப்பாக்கிகள், எம்-60 இயந்திரத் துப்பாக்கிகள், எம்-79 குண்டுவீசிகள், தோளில் வைத்துச் சுடும் லா ராக்கெட்டுகள், பூட்டு அறுக்கும் பெரிய வெட்டுக்கத்தரி, கோடரி, சங்கிலி ரம்பம், எரிவாயு வெட்டுக்கருவி. தகவல் தொடர்புக்கு 56 பேருக்கு 92 வானொலிப் பெட்டிகள்: தொலைதூரத்துக்கு 2, அணிகளுக்கு இடையே 10, அணிக்குள் 24, ஆளுக்கொரு உயிர்காப்புப் பெட்டி 56. கைதிகள் மெலிந்து, நடக்கத் தெம்பில்லாமல் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு மருத்துவர் ஜோசப் கட்டால்டோ தன் ஏற்பாட்டைச் செய்தார்.

105 நாட் வேகத்தில் ஒரு வரிசை

தொழில்நுட்ப ரீதியில் கடினமான பகுதி தரையில் இல்லை, வானத்தில். முற்றத்துக்குள் எதை இறக்குவது என்பதிலிருந்து சிக்கல் தொடங்கியது. வெளியிலிருந்து மதிலை உடைத்துப் போனால், அந்த ஓரிரு நிமிடத்தில் காவலர்கள் கைதிகளைச் சுட்டுவிடலாம். ஆகவே ஓர் அணி நேரே உள்ளே விழுந்தாக வேண்டும். சிறிய யூஎச்-1 ஹெலிகாப்டர் சிரமமில்லாமல் இறங்கும், ஆனால் 14 பேரைக் கருவிகளோடு சுமக்காது. பெரிய எச்எச்-53 சுமக்கும், ஆனால் 72 அடி சுழலிக்கு மரங்களுக்கு நடுவே இடம் போதாது. இடைப்பட்டது 62 அடி சுழலி கொண்ட எச்எச்-3. அதுவும் சுழலி மரத்தில் மோதாமல் இறங்காது. இறங்கினால் மறுபடி எழாது. சரி, எழ வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வேண்டுமென்றே உடைத்து இறக்கி, போகும்போது நேரவெடி வைத்துத் தகர்த்துவிட்டு வருவது. ‘பனானா’ என்ற அழைப்புப் பெயரோடு ஒரு ஹெலிகாப்டர் ஒருவழிப் பயணத்துக்கு ஒதுக்கப்பட்டது.

அடுத்த சிக்கல் வேகம். எச்எச்-3 வரிசையிலேயே மெதுவானது. இருட்டில், மலைகளுக்கு நடுவே, தாழப் பறந்து ராடார் இடைவெளிகளின் வழியே நுழைய, வழிகாட்டத் தேவையான கருவிகள் இருந்தது சி-130 காம்பாட் டேலன் விமானத்தில். அகச்சிவப்புக் காட்சிக் கருவியையும் இந்தப் பணிக்காக அதில் பொருத்தினார்கள். சி-130 இயல்பாக மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் விமானம். ஹெலிகாப்டர்களோடு சேர்ந்து போக அது 105 நாட் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 195 கிலோமீட்டருக்கும் குறைவாக, இறங்கி வந்தது. இறக்கைத் தட்டிகளை 70 விழுக்காடு விரித்து, மிதப்பு அறுந்து விழும் எல்லைக்குச் சற்று மேலே பறந்தது. கூர்மையாகத் திரும்பினால் விழுந்துவிடும். எச்எச்-3 அந்த வேகத்தையே தனியாகத் தாக்குப்பிடிக்காது. சி-130-இன் இறக்கைக்குப் பின்னால் ஓடும் காற்றின் இழுவையில் ஒட்டிக்கொண்டால்தான் முடியும். இருட்டில் மூன்று மணி நேரம் இப்படி ஒட்டிப் பறப்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத வித்தை. எக்லினில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தே அதைப் பழகினார்கள்.

முகாமைச் சுற்றி எதிரிப்படை வந்தால் அடிக்க, ஐந்து ஏ-1 ஸ்கைரைடர்கள். அவற்றுக்கு 105 நாட் ஆகாது, 145 வேண்டும். எனவே இரண்டாவது காம்பாட் டேலன் ஒன்று அவற்றைத் தனி வரிசையாக அழைத்துவந்தது. ஒரே இலக்குக்கு இரண்டு வேகத்தில் இரண்டு வரிசை, நிமிடக் கணக்கில் ஒன்றாக வந்து சேர வேண்டும். மேலே மிக் வந்தால் எதிர்கொள்ள எஃப்-4 விமானங்கள். நிலத்திலிருந்து கிளம்பும் சாம் ஏவுகணைகளைத் தங்கள் பக்கம் இழுக்க ‘ஃபயர்பேர்ட்’ என்ற ஐந்து எஃப்-105ஜி விமானங்கள். லாவோஸுக்கு மேலே ஹெலிகாப்டர்களுக்கு எரிபொருள் நிரப்ப எச்சி-130பி விமானங்கள். எல்லாம் கூட்டினால் ஏழு தளங்களிலிருந்தும் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்தும் 116 விமானங்கள்.

கப்பல்களின் பங்கு ஏமாற்று வேலை. ஓரிஸ்கனி, ரேஞ்சர், ஹான்காக் கப்பல்களின் விமானங்கள் கிழக்குக் கடற்கரையில் பெருந்தாக்குதல் வருவதுபோலப் பாய்ந்தன. 1968 நவம்பரிலிருந்து வடக்கின்மீது குண்டுவீச்சு நிறுத்தம் அமலில் இருந்ததால் வெளிச்சக் குண்டுகளை மட்டுமே போட்டார்கள். வட வியட்நாமின் ராடார்கள் கிழக்கே திரும்பியிருந்த நேரத்தில் மேற்கிலிருந்து ஹெலிகாப்டர்கள் நுழைந்தன. வெடிக்காத குண்டில் இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம்.

தேதியை நிலா தீர்மானித்தது. தாழப் பறக்க வெளிச்சம் வேண்டும். தரையிலிருப்பவன் கண்ணில் படாத அளவுக்கு இருளும் வேண்டும். தேய்பிறை அரைநிலவு கிழக்கு வானில் முப்பது டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும் நேரம் இரண்டுக்கும் பொருந்தியது. அக்டோபரில் சில நாள், நவம்பரில் சில நாள் என இரண்டே வாய்ப்புகள். அக்டோபர் வாய்ப்பை வாஷிங்டன் விட்டது. நவம்பர் 18 அன்று அதிபர் நிக்சன் அனுமதித்தார். அதற்குள் பேட்ஸி புயல் பிலிப்பைன்ஸைத் தாண்டி வியட்நாம் பக்கம் நகர்ந்தது. மேனர் தாக்குதலை 24 மணி நேரம் முன்னுக்கு இழுத்தார். தளபதிக்கே அந்த அதிகாரம் இருந்ததால் நாள் வீணாகவில்லை.

2.18 முதல் 2.45 வரை

நவம்பர் 20 மாலை தாய்லாந்தின் தாக்லி தளத்தில்தான் வீரர்களுக்கு இலக்கின் பெயரைச் சொன்னார்கள். வழிகாட்டி விமானமான ‘செர்ரி 1’-இன் ஓர் இயந்திரம் கிளம்ப மறுத்து, புறப்பாடு இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமானது. பாதையில் விட்டுவைத்திருந்த உபரி நேரத்தை வெட்டி அதைச் சரிக்கட்டினார்கள். உடோர்னிலிருந்து ஹெலிகாப்டர்கள் இரவு 11.18-க்கு எழுந்தன. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, சரியாக 2.18-க்கு, முகாமுக்கு மேலே வெளிச்சக் குண்டுகள் விரிந்தன.

இலக்குக்கு மூன்றரை மைல் முன்னால் சி-130 சுமார் 1,500 அடிக்கு மேலெழ, ஹெலிகாப்டர்கள் 200 அடி உயரத்துக்கு இறங்கின. அங்கிருந்து ஹெலிகாப்டர்கள் தம் கண்ணையே நம்ப வேண்டும். முதலில் மேஜர் ஃப்ரெடரிக் டோனஹியூவின் ‘ஆப்பிள் 3’ என்ற எச்எச்-53 ஹெலிகாப்டர் முகாமைத் தாண்டிப் பறந்து மினிகன் துப்பாக்கிகளால் காவல் கோபுரங்களைச் சல்லடையாக்கியது. அவருடைய கட்டுப்பாட்டுப் பலகையில் பற்சக்கரப் பெட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வேறு நாளானால் உடனே தரையிறங்க வேண்டிய கோளாறு. இவர் கண்டுகொள்ளாமல் போனார்.

பின்னாலேயே ‘பனானா’ முற்றத்துக்குள் விழுந்தது. படத்தில் பார்த்ததைவிட மரங்கள் பெரிதாக இருந்தன. சுழலி கிளைகளை வெட்டி நொறுங்க, இயந்திரம் முறுக்கிக்கொண்டு தரையில் அறைந்தது. பெயர்ந்து வந்த தீயணைப்பு உருளை ஒன்று விமானப் பொறியாளர் லெராய் ரைட்டின் கணுக்காலை முறித்தது. மெடோஸ் ஒலிபெருக்கியில், தாங்கள் அமெரிக்கர்கள், எல்லோரும் தரையோடு படுத்துக்கொள்ளுங்கள் என்று கூவினார். ஒத்திகையில் பழகிய வரிசைப்படி வீரர்கள் கட்டடம் கட்டடமாகப் புகுந்தார்கள்.

இதே நேரத்தில் ‘ஆப்பிள் 1’ சைமன்ஸ் உட்பட கிரீன்லீஃபின் 22 பேரையும் தெற்கே 400 மீட்டர் தள்ளியிருந்த ‘மேல்நிலைப் பள்ளி’ வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

இந்தத் தவறைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் கணக்குப் போடலாம். மூன்றரை மைல் என்பது 5.6 கிலோமீட்டர். அங்கிருந்து 400 மீட்டர் விலக நான்கு டிகிரி திசைப்பிழை போதும். கிட்டத்தட்ட ஒரே அளவில் மதில் சூழ்ந்த வளாகம். சோங் கோன் ஆற்றைப்போல அதன் பக்கத்திலும் ஒரு கால்வாய். வரிசையைப் பிரித்து இடைவெளி விட்டு இறங்கும்போது விழுந்த சிறு விலகல் கடைசி ஒரு நிமிடத்தில் பெரிதாகிவிட்டது. ஆப்பிள் 3-உம் பனானாவும்கூட முதலில் பள்ளியை நோக்கியே போய், கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டு வடக்கே திரும்பியவை. மாதிரி முகாம் இருந்த எக்லினில் இரண்டாவது வளாகம் கட்டப்படவில்லை. குழம்பவைக்கும் பொருள் பக்கத்தில் இல்லாமலே 170 முறை பழகியதன் விலை இது.

பள்ளி வளாகத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்கள். துப்பாக்கிச் சண்டை மூண்டது. தவறை உணர்ந்த ஆப்பிள் 1 திரும்பி வந்து அணியை ஏற்றிச் சரியான இடத்தில் சேர்த்தது. பள்ளியில் கொல்லப்பட்டவர்கள் நூறிலிருந்து இருநூறு பேர் என்ற மதிப்பீடு தாக்கிய தரப்புடையது; இருட்டில் சில நிமிடச் சூட்டில் பார்த்ததை வைத்துச் சொன்னது, எண்ணிப் பார்த்ததல்ல. அங்கே இருந்தவர்கள் சீனர்கள், சோவியத்காரர்கள் என்று பின்னால் பரவிய கதைகளையும் அதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சண்டை நடந்தது, அது அமெரிக்கர்களுக்குச் சாதகமாக முடிந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

இங்கேதான் ஒத்திகை தன் மதிப்பைக் காட்டியது. ‘ஆப்பிள் 2’-வை ஓட்டிய லெஃப்டினன்ட் கர்னல் ஜாக் அல்லிசன் முன்னே போனவர் வழி தவறுவதைப் பார்த்தார். பின்தொடராமல் ரெட்வைனைச் சரியான இடத்தில் இறக்கினார். மூன்று அணிகளில் எந்த ஒன்று வராவிட்டாலும் மற்ற இரண்டு எப்படி வேலையைப் பங்கிட வேண்டும் என்பதற்குத் தனித்தனித் திட்டம் இருந்தது. கிரீன்லீஃப் வராவிட்டால் ‘பச்சைத் திட்டம்’. சிட்னர் வானொலியில் அந்தப் பெயரைச் சொன்னார். ரெட்வைனில் ஒரு பகுதி கிரீன்லீஃபின் வேலையை எடுத்துக்கொண்டது. விளக்கம் கேட்க யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. துணைத் தளபதி உட்பட 22 பேர் காணாமல் போன பிறகும் கால அட்டவணை நகர்ந்தது.

தென் வியட்நாமின் டானாங்கிலுள்ள மங்கி மவுண்டன் கட்டளை நிலையத்தில் மேனருக்கு இதெல்லாம் துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. இடைநிலை வானொலி இணைப்புகள் அவரை ஏமாற்றிவிட்டன. களத்தில் 92 பெட்டிகள், தளபதியிடம் அரைகுறைச் செய்தி. முடிவெடுக்கும் அதிகாரம் முன்கூட்டியே களத்துக்கு இறக்கப்பட்டிருந்ததால் பாதகம் விளையவில்லை.

அறைகளைத் தேடி முடித்த மெடோஸ் அனுப்பிய செய்தி சுருக்கமானது: கைதிகள் யாரும் இல்லை. வீரர்கள் பின்வாங்கினார்கள். சாலை வழியே வந்த வண்டிகளை லா ராக்கெட் நிறுத்தியது. 2.45-க்குக் கடைசி ஹெலிகாப்டர் எழுந்தது. ஒருவருக்குக் காலில் குண்டு, ஒருவருக்குக் கணுக்கால் முறிவு, சேதம் அவ்வளவே.

மேலே ஃபயர்பேர்டுகளை நோக்கிக் குறைந்தது 16 சாம் ஏவுகணைகள் பாய்ந்தன. ஒரு விமானம் அடிவாங்கி எப்படியோ தளம் சேர்ந்தது. எரிபொருள் கசிந்த இன்னொன்றின் இருவர் லாவோஸுக்கு மேலே குதித்தார்கள். கைதிகளை ஏற்றக் காலியாக வந்திருந்த ஆப்பிள் 4, ஆப்பிள் 5 ஹெலிகாப்டர்கள் விடியும்வரை வட்டமிட்டிருந்து அவர்களைத் தூக்கிவந்தன. மீட்கப்பட்டது அந்த இருவர்தான்.

தெரிந்தது என்ன, எப்போது

கைதிகளை மாற்றியதற்குக் காரணம் அமெரிக்கத் திட்டம் கசிந்தது அல்ல. கிணற்று நீர்ப் பிரச்சினை, சோங் கோன் ஆற்றின் வெள்ள அபாயம் என்று சாதாரணக் காரணங்கள். ஹனோய்ப் பக்கமாக உள்ள டோங் ஹோய் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

வானத்திலிருந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாதா? முயன்றார்கள். எஸ்ஆர்-71 உளவு விமானங்கள் போனபோது மேகம் மறைத்தது. தாழப் பறக்கும் ஆளில்லா விமானங்களை ஏழு முறை அனுப்பினார்கள். சில சுடப்பட்டன, சில பழுதாயின. சரியாக முகாமுக்கு மேல் போன ஒன்று கணநேரம் முன்னதாகச் சாய்ந்து, முற்றத்துக்குப் பதில் அடிவானத்தைப் படமெடுத்தது. இன்னும் அனுப்பினால் எதிரி உஷாராகிவிடுவான் என்று நிறுத்திக்கொண்டார்கள். கிடைத்த படங்களில் நடமாட்டம் குறைந்திருப்பது தெரிந்தது. பிறகு நவம்பரில் மறுபடி நடமாட்டம் கூடியதுபோலத் தெரிந்தது. நம்ப விரும்பியவர்களுக்கு அது போதும். அந்தப் படங்கள் காட்டியது ‘யாரோ இருக்கிறார்கள்’ என்பதை. ‘யார்’ என்பதைக் காட்டவில்லை.

புறப்பாட்டுக்கு முந்தைய மணி நேரங்களில் ஹனோயிலிருந்த ஓர் உளவு மூலம் வழியாகக் கைதி முகாம்களின் பட்டியல் ஒன்று வாஷிங்டனுக்கு வந்தது. சோன் டே அதில் இல்லை. பாதுகாப்பு உளவு முகமையிடம் இப்போது காலி என்பதற்கும் ஆதாரம் இருந்தது, ஆளிருக்கிறது என்பதற்கும் ஆதாரம் இருந்தது. முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் அட்மிரல் மூரரும் பாதுகாப்பு அமைச்சர் லேர்டும் முன்னே போகவே முடிவெடுத்தார்கள். வானிலை மூடிக்கொண்டிருந்தது, நிலா வாய்ப்பு முடியப்போகிறது, இன்னும் காத்திருந்தால் ரகசியம் நிலைக்காது. அந்த முடிவைக் கோழைத்தனம் என்றோ முட்டாள்தனம் என்றோ சொல்ல முடியாது. ஆனால் அதை எடுக்க வேண்டிய நேரம் அதுவல்ல. ‘இன்ன தேதிக்குள் கைதிகளைக் கண்ணால் கண்ட ஆதாரம் இல்லாவிட்டால் நிறுத்து’ என்ற நிபந்தனையை ஆகஸ்டிலேயே வைத்திருந்தால், கேள்வி செப்டம்பரிலேயே எழுந்திருக்கும். டோங் ஹோய் முகாம் விரிவடைவதைக் காட்டிய படங்களும் வேறு கண்ணோடு பார்க்கப்பட்டிருக்கும்.

ஒப்பிட ஒரு நிகழ்வு உண்டு. 1945 ஜனவரி 30 அன்று பிலிப்பைன்ஸின் கபனட்டுவான் முகாமில் ஜப்பானியரிடமிருந்து ஐநூறுக்கும் மேற்பட்ட கைதிகளை மீட்ட அமெரிக்க ரேஞ்சர் படையில் இருந்தவர்கள் 121 பேர்தான். முகாமின் வாசலைப் பார்த்தபடி உள்ளூர்க்காரர் வேடத்தில் வேவு வீரர்கள் ஒரு குடிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹுவான் பஹோட்டா, எட்வர்டோ ஹோசோன் ஆகியோரின் பிலிப்பினோ கெரில்லாக்கள் சுற்றுவட்டாரம் முழுவதும் கண்ணாக இருந்தார்கள். பக்கத்துச் சாலையில் ஜப்பானியப் படை நகர்வதாகத் தகவல் வந்ததும் தளபதி ஹென்றி மூச்சி ஒரு நாள் தள்ளிவைத்தார். சோன் டேவின் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு கண்கூட இல்லை. எதிரியின் ஊருக்குள் மனிதரை வைப்பது எளிதல்ல என்பது உண்மை. அந்தக் குறையைப் படங்களின் எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாது என்பதும் உண்மை.

பிறகு

நவம்பர் 25 அன்று வெள்ளை மாளிகையில் மேனர், சைமன்ஸ், ரைட், தரைப்படை வீரர் டைரோன் ஆடர்லி நால்வருக்கும் நிக்சன் பதக்கம் அணிவித்தார். நாடாளுமன்றத்தில் செனட்டர் ஃபுல்பிரைட் போன்றவர்கள் லேர்டைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

எதிர்பாராத பலன் சிறைகளுக்குள் விளைந்தது. வெளிமுகாம்களைக் காக்க முடியாது என்று உணர்ந்த வட வியட்நாம், கைதிகளைச் சில நாள்களிலேயே ஹனோய் நகருக்குள்ளிருக்கும் ஹோவா லோ சிறைக்கு அள்ளிக்கொண்டு வந்தது. ஆண்டுக்கணக்கில் தனியறையில் கிடந்தவர்கள் நாற்பது, ஐம்பது பேராக ஒரே கூடத்தில் சேர்ந்தார்கள். பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்த்தார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள், தங்களுக்குள் ஒரு கட்டளை வரிசையையே அமைத்துக்கொண்டார்கள். தங்களை மீட்க ஒரு படை வந்தது என்ற செய்தி கசிந்து வந்தபோது அவர்களுக்கு அது பெரும் தெம்பு. தாக்குதலை ஆதரிப்பவர்கள் இதைத்தான் வெற்றி என்று முன்வைக்கிறார்கள். பலன் உண்மையானது, ஆனால் யாரும் திட்டமிட்டதல்ல. காவலர்கள் எதிர்த்திசையில் நடந்துகொண்டு, கைதிகளை இன்னும் தொலைவான, இன்னும் கொடிய இடங்களுக்குச் சிதறடித்திருக்கவும் கூடும்.

அதே ஒன்றுசேர்ப்பு இன்னொன்றையும் செய்தது. தலைநகரின் நடுவே, வான்காப்பு வளையத்துக்கு உள்ளே இருக்கும் ஹோவா லோவை ஹெலிகாப்டர்களால் தொட முடியாது. சோன் டேவைப்போல இரண்டாவது தாக்குதல் நடக்கவில்லை. 1973 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, பிப்ரவரியிலிருந்து 591 அமெரிக்கக் கைதிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டார்கள்.